மூன்றாம் மாடியிலிருந்து ஊ தெய்னுக்குத் தண்ணீர்

1

இன்றோடு ஊ தெய்ன் இறந்து எட்டு வருடம். அவரை நான் பார்த்ததில்லை. நான் ரங்கூனுக்கு வந்து இறங்குவதற்கு முன்பே அவர் போய்விட்டார். வெற்றிலை போடுவாரா, பெண்டாட்டியை அதட்டுவாரா, சிரித்தால் பல் தெரியுமா, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் தினமும் காலையில் அவர் பெயரில் தண்ணீர் ஊற்றுகிறவள் நான்தான். என் சொந்தப் புருஷனுக்கு அமாவாசைக்கு அமாவாசை மகன் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறான். அதுவும் பாலைவனத்தில், குளியல் தொட்டிக்குள் நின்றுகொண்டு, குழாயை நூல் போலத் திறந்துவைத்து. மேலுலகத்தில் ஊ தெய்னும் என் வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இவருக்கு வயிறு எரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழும் படிக்கத் தெரியாது, பர்மியமும் படிக்கத் தெரியாது. எல்லா மொழியையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் மல்லிகா எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் ஊரில் மானம் போய்விடுமாம், அதனால் இஸ்திரி போட்டு எழுதுகிறாள். நடுநடுவே "அம்மா, இது வேணாமே" என்பாள். அந்த இடங்களையெல்லாம் கட்டாயம் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "என்னக்கா, அங்கன தண்ணியெல்லாம் உண்டா?" வேறு எதைக் கேட்பார்கள்? பெண் பார்க்கப் போனாலும் பெண்ணைப் பார்க்கும் முன் அந்த வீட்டுக் கொல்லையில் குழாயைப் பார்க்கிறவர்கள் நாங்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். என்னை ரங்கூனிலேயே வைத்துக்கொள்வதா, மூட்டை கட்டிப் பாலைவனத்துக்கு ஏற்றிவிடுவதா என்று என் பிள்ளைகள் இருவரும் இந்த வருடம் நடத்திய வழக்கே தண்ணீரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

2

மகள் வீட்டுக்கு வருவதற்கு முன் மூன்று வருடம் மகன் கணேசனோடு பாலைவனத்து ஊரில் இருந்தேன். ஊர்ப்பெயரைச் சொல்லக்கூடாது என்கிறான், வேலை போய்விடுமாம். அங்கே ஒரு பெரிய குடியிருப்பில் தொட்டி, மோட்டார், குழாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அவனுக்கு. கடல் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டுக் குழாயில் விடுகிறார்கள். முதல் நாள் நான் குழாயைத் திறந்துவிட்டு, எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நிற்கவில்லை. மகன்தான் ஓடிவந்து நிறுத்தினான்.

இப்படிக் கொட்டுகிற ஊரில்தான் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று வகுப்பு வைப்பார்கள். ராமநாதபுரத்தில் ஆறு குடத்தை வைத்து ஒரு கல்யாணத்தை நடத்தியவளை முன்வரிசையில் உட்காரவைத்து, பல் துலக்கும்போது குழாயை மூட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினேன். ஏசியிலிருந்து சொட்டுவதை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே செடி பிளாஸ்டிக். அதற்கும் ஊற்றினேன். சட்டம் என்றால் சட்டம்.

எல்லாவற்றுக்கும் மேலே, மழைநீர் சேகரிப்பு. குடியிருப்பின் பின்பக்கம் ஒரு தொட்டி கட்டி, ரிப்பன் வெட்டி, கேக் கொடுத்தார்கள். எல்லோரும் கேக்கைத் தின்றுகொண்டே வானத்தைப் பார்த்தோம். துடைத்துவைத்த தட்டுப் போல இருந்தது. அந்தத் தொட்டி அதன்பிறகு பல மாதம் மணலைச் சேகரித்தது. ஒருநாள் மத்தியானம் வருடத்து மழை முழுவதும் மொத்தமாக வந்து இறங்கியது. தொட்டி நிறைந்ததோ இல்லையோ, பூமிக்கு அடியில் கார் நிறுத்தும் இடம் நன்றாக நிறைந்தது. கணேசன் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். வகுப்புக்குத் தவறாமல் வந்ததற்காக எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சுவரில் தலைகீழாக மாட்டியிருந்தேனாம். மருமகள் பார்த்துச் சொல்ல ஆறு மாதம் ஆனது.

குற்றம் சொல்லக்கூடாது, கொஞ்சம் கற்றுக்கொண்டேன். முதல் மழையைப் பிடிக்காதே, கூரையைக் கழுவிக்கொண்டு போகட்டும். பாத்திரத்தின் வாயில் வெள்ளைத்துணி கட்டு. மூடி போடாவிட்டால் அது தண்ணீர் இல்லை, கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. மழையே இல்லாத ஊரில் மழையைப் பிடிக்கப் படித்தவள் நான்.

எங்கள் ஊரிலும் இந்தப் படிப்பு ஒருமுறை வந்தது. வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழாய் வைக்கச் சொன்ன வருடம் என் வீட்டுக்காரர் சுவரில் அழகாக ஒரு குழாய் பதித்து, ஊதா வண்ணம்கூட அடித்தார். மேலே கூரையோடு சேரவில்லை, கீழே குழியோடு சேரவில்லை. பார்க்க வந்தவர் நல்ல வேலை என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். அதற்குள் ஒரு அணில் குடியிருந்தது.

பாலைவனத்தில் எனக்குக் குறை ஒன்றுதான். தண்ணீர் இருந்தது, பேச ஆள் இல்லை.

3

ரங்கூனில் எல்லாம் நேர்மாறு. பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. தனியாக நின்று கொட்டாவி விட்டால்கூட யாராவது வந்து விசாரிப்பார்கள். வைகாசி கடைசியில் தொடங்கினால் ஐப்பசி வரை வானம் ஓட்டைதான். வீட்டுக்குள் துணி காயாது, அப்பளம் நமுத்துப்போகும், செருப்பில் பூசணம் பூக்கும். எல்லாத் தண்ணீரும் எங்கள் அலோன் பேட்டைச் சாக்கடையில் ஓடி, படகுத்துறை வழியாக ஆற்றுக்குப் போய்ச் சேரும். எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் காற்று வரும்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. கீழே தரைக்கடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொட்டி. அவரவர் மோட்டார் போட்டு மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். மோட்டாருக்குக் கரண்டு வேண்டும். கரண்டு எப்போது வரும் என்பதை அதனிடம்தான் கேட்க வேண்டும். வந்தவுடன் தெருவே "மீ லா ப்யீ" என்று கத்தும். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே அத்தனை மாடியிலும் அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் உறுமும். தொட்டி ஒன்று, இழுக்கிற வாய் பத்து. எங்கள் வாய்க்கு வரும்போது தொட்டியில் சேறு.

இதில் மாப்பிள்ளை முருகனின் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். லான்மடாவில் பிளாஸ்டிக் குழாய்க் கடை. கடையில் அவரைக் கோ ஸோ என்று கூப்பிடுகிறார்கள், பர்மியப் பெயர் ஒன்று இருந்தால் வியாபாரத்துக்கு நல்லது. ஊரெல்லாம் தண்ணீர் போகக் குழாய் விற்கிறவர் வீட்டில், குளிக்க ஒரு சொம்பு. "அத்தே, இன்னிக்கு ஒரு சொம்புல முடிச்சுக்கிடுங்க" என்பார். சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொல்வார், பாவம்.

போன சித்திரையில் திஞ்சான் வந்தது. அது இவர்களுடைய புத்தாண்டு. பழைய வருடத்து அழுக்குப் போக ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் திருவிழா. பெரிய தெருக்களில் பந்தல் போட்டு, ரப்பர் குழாயால் போகிற வருகிறவர்கள் மேலெல்லாம் பீய்ச்சுவார்கள். நல்ல விழா, குறை சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. கை கழுவத் தண்ணீர் இல்லாத நான், கறிவேப்பிலை வாங்கப் போய்த் தலை முதல் கால் வரை நனைந்து வந்தேன். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். கீழே தொட்டியிலிருந்து ஒரு வாளி முகந்துகொண்டு படியேறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் பிசகியது. வாளி ஒருபக்கம், நான் ஒருபக்கம்.

கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கியதை மல்லிகா படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறாள். அவன் போனில் வந்தான்.

"இந்த வயசுல படியில தண்ணி தூக்குதாக எங்கம்மா. நீயெல்லாம் ஒரு மக."

"நான் வேணாம்னுதாண்ணே சொன்னேன். கேக்குற ஆளா அது?"

"அம்மா அங்கன தங்குற பெர்மிட்டு எப்ப முடியுது?"

"ஆவணில."

"நீட்டிக்காத. அதுக்குள்ள உன் வீட்டுக் குழாயில தண்ணி வந்துச்சுன்னா அம்மா அங்கன இருக்கட்டும். வரலைன்னா டிக்கெட் போட்டுருவேன். இங்க திறந்தா தண்ணி. அம்மா ஒக்காந்த எடத்துல இருக்கலாம்."

உட்கார்ந்த இடத்தில் இருப்பதைத்தானடா மூன்று வருடம் செய்தேன் என்று கட்டிலில் இருந்தபடியே கத்தினேன். அவன் காதில் விழவில்லை. பாலைவனத்தில் இருந்தால் தண்ணீர் விஷயத்தில் காது கொஞ்சம் அடைத்துப்போகும்.

எனக்குப் போக இஷ்டமில்லை. எப்படிப் போவேன்? பேத்தி பொன்னிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சூ சூ. பர்மியத்தில் எண்ணுவாள், பர்மியத்தில் கோபப்படுவாள், கனவுகூட பர்மியத்தில்தான் உளறுகிறாள். பசி வந்தால் மட்டும் தமிழ். "பாட்டி, தோசை செய்யி பண்ணு." நானும் கிளம்பிவிட்டால் அந்தத் தோசைத் தமிழும் போகும்.

4

மழை வந்தது. வராண்டாவுக்கு மேல் ஒரு தகரத் தாழ்வாரம். அதன் ஓரம் வழியாக மழை கயிறு கயிறாக இறங்கும். பாலைவனத்துப் படிப்பை எடுத்துத் தூசு தட்டினேன். முதல் மழையை விட்டேன். இரண்டாவது மழைக்கு வாளி, சோற்றுப்பானை, பொன்னியின் பழைய குளிப்புத் தொட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் நிறைந்தது. மீதி மழை என் கண் முன்னாலேயே தெருவுக்குப் போனது. பாத்திரம் போதவில்லை.

மொட்டைமாடியில் பிடித்தால் ஊருக்கே போதும். ஆனால் மாடிச் சாவி ஐந்தாம் மாடி டோ மியாவிடம். கடைசி மாடிக்காரர்களுக்குத்தான் கூரை என்பது இங்கே எழுதாத சட்டம். டோ மியா புருஷனை இழந்தவள், என் வயதுக்காரி, முழங்கால் வலி. மாதக்கணக்காகக் கீழே இறங்கியதில்லை. மாப்பிள்ளை போய்க் கேட்டதற்கு "மயாபூ" என்று ஒரே சொல். கிடையாது, முடியாது, நடக்காது எல்லாம் அதற்குள் அடங்கும். நான் முதலில் கற்றுக்கொண்ட பர்மியச் சொல்லும் அதுதான். எந்த அலுவலகத்தில் எந்தச் சன்னலில் நின்றாலும் இலவசமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் என் கண்ணில் அந்த இரண்டு பானைகளும் பட்டன. எங்கள் கட்டட வாசலை ஒட்டி, சின்ன வீடு மாதிரி கூரை வைத்த ஒரு மரத் தட்டு. அதில் மூடிபோட்ட இரண்டு மண்பானை, சங்கிலியில் ஒரு தகர டம்ளர். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒட்டடை, காய்ந்த இலை, ஒரு செத்த கரப்பான். பானையின் வயிற்றில் வெள்ளை வண்ணத்தில் வட்டம் வட்டமாக ஏதோ கோலம். எவ்வளவு நல்ல பானை, இப்படிப் போட்டுவிட்டார்களே என்று மனசு கேட்கவில்லை. கணுக்கால் சரியாகியிருந்தது. ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், தேய்த்துக் கழுவி, வெள்ளைத்துணி கட்டி, தாழ்வாரத்துக்குக் கீழே வைத்தேன். வருடத்துக்கு ஒருமுறை பெய்கிற ஊரில் சான்றிதழ் வாங்கியவள் என்றால் சும்மாவா.

இங்கே ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மாடி வராண்டாவிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் ஒரு கிளிப்போ கூடையோ. கீழே காய்கறிக்காரர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். டோ மியாவின் கயிறு எங்கள் வராண்டாவை உரசிக்கொண்டுதான் போகும். மறுநாள் அந்தக் கயிறு எங்கள் மாடியோடு நின்றது. கிளிப்பில் ஒரு தாள். மேலே நின்று டோ மியா மணியை ஆட்டினாள். நான் தாளை எடுத்துக்கொண்டு மேலே பார்த்துச் சிரித்துக் கும்பிட்டேன். என்னவோ கல்யாணமோ அன்னதானமோ என்று நினைத்தேன். ஒரு பானை கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. தாளை நாலாக மடித்து அதற்கு அடியில் வைத்தேன். சரியாக நின்றது.

அடுத்த நாள் இன்னொரு தாள். இது கொஞ்சம் பெரிது. இரண்டாவது பானையும் ஆடாமல் நின்றது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பொன்னி வராண்டாவுக்கு வந்தவள் பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாட்டி, இது என்னா?"

"பானைடி. தண்ணி பிடிக்க."

"இதுல எழுதி இருக்கு. ஊ தெய்ன். செத்துப்போன தாத்தா. டோ மியா பாட்டியோட தாத்தா."

"கோலம்னு நெனச்சேன்."

"கோலம் இல்ல, பேரு. ரோட்டுல போற ஆளு தண்ணி குடிச்சா தாத்தாவுக்குப் புண்ணியம். பாட்டி, நீ செத்துப்போன ஆளைத் திருடிட்டே."

பானைக்கு அடியில் இருந்த தாள்களை எடுத்துப் படித்துப் பார்த்தாள். முதல் தாளில், யார் எடுத்திருந்தாலும் தயவுசெய்து திரும்ப வைத்துவிடுங்கள் என்று இருந்ததாம். இரண்டாவது தாளில் இருந்ததைச் சொல்ல மாட்டேன் என்றாள்.

5

பொன்னியை அழைத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனேன். மல்லிகா தான் வருவதாகச் சொன்னாள். மகள் வந்தால் மன்னிப்பை ரொம்ப அழகாகக் கேட்பாள், எனக்குப் பேச இடம் கிடைக்காது.

டோ மியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தாள். கையை ஆட்டி, நெஞ்சைத் தொட்டு, ஜன்னலைக் காட்டி, மூச்சு விடாமல் பேசினாள். முடித்ததும் பொன்னியைப் பார்த்தேன்.

"கோவமா இருக்காங்க" என்றாள் பொன்னி.

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு ரெண்டு வார்த்தையா?"

"மீதி நல்ல வார்த்தை இல்ல, பாட்டி."

எனக்குப் படிக்கத் தெரியாது, கோலம் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். பொன்னி சொன்னாள். டோ மியா நம்பாமல் என்னைப் பார்த்தாள். மேசையில் கிடந்த மாதக் காலண்டரை எடுத்து என்னிடம் நீட்டி, விரலால் ஒரு எழுத்தைக் காட்டினாள். நான் அந்த எழுத்தை மரியாதையோடு பார்த்தேன். அது யாராக இருந்தாலும் எனக்கு அறிமுகமில்லை. அவள் காலண்டரை மடித்து வைத்துவிட்டாள்.

பிறகு மெதுவாகப் பேசினாள். இந்தத் தடவை பொன்னி ஒன்றையும் விடவில்லை.

"காலு வலிக்குதாம். திஞ்சான்லேருந்து பானைக்குத் தண்ணி ஊத்த முடியலையாம். மோட்டாரும் அஞ்சாவது மாடி வரைக்கும் இழுக்க மாட்டேங்குது. ரோட்டுல போற ஆளு வந்து மூடியைத் தொறப்பாங்க. உள்ள ஒண்ணும் இல்ல. திரும்ப மூடுவாங்க. அந்தச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குமாம் பாட்டி. ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு தாத்தாவோட போட்டோகிட்ட சொல்வாங்களாம்."

எனக்குத் தெரிந்த பர்மியத்தில் தேடினேன். மயாபூ தவிர இன்னொன்று கிடைத்தது.

"யே ஷிதெ" என்றேன்.

தண்ணீர் இருக்கிறது. நான் இந்த ஊரில் வந்து இறங்கியதிலிருந்து அதைச் சொல்ல வாய்ப்பே கிடைத்ததில்லை, பொய்யாகிவிடும். அன்றைக்குத்தான் முதல் தடவை.

6

பானைகளைத் தண்ணீரோடு இறக்க முடியாது, தண்ணீரைக் கொட்டிவிட்டு இறக்க எனக்கு மனசு வராது. வாளிகளுக்கு மாற்றிவிட்டு, காலிப் பானைகளை மாப்பிள்ளை கீழே கொண்டுபோய் மரத்தட்டில் வைத்தார். வராண்டாவிலிருந்து நேர் கீழேதான் அந்தத் தட்டு. கடையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கொண்டுவந்தார். மேலே நான் வாளியில் குழாயை விட்டுப் பிடித்துக்கொள்ள, கீழே அவர் பானையில் விட்டார். ஊருக்குக் குழாய் விற்கிறவர் வீட்டுக் குழாய் வழியாக, கல்யாணமான பதினோரு வருடத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் போனது. வீட்டுக்கு வரவில்லை, வீட்டிலிருந்து போனது. பரவாயில்லை, போகும் வழி தெரிந்துகொண்டால் வரும் வழியும் தெரியும்.

மறுநாள் காலையில் டோ மியாவின் கயிறு இறங்கி எங்கள் மாடியில் நின்றது. இந்த முறை கூடை. அதில் ஒரு எவர்சில்வர் டம்ளர். தண்ணீரை ருசி பார்க்காமல் புருஷன் பெயரில் ஊரைக் குடிக்க விட மாட்டாளாம். சரிதானே. துணியில் வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த மழைத்தண்ணீரை டம்ளரில் ஊற்றி அனுப்பினேன். மேலே போனது. மணி ஒருமுறை அடித்தது. ஊற்றலாம் என்று உத்தரவு. பாலைவனத்தில் தண்ணீர் பரிசோதனைக்கு ஒரு பெரிய எந்திரமே இருந்தது. அதற்கும் இந்த அளவு முகச்சுளிப்பு கிடையாது.

நாலு நாள் இப்படி. டம்ளர் வரும், போகும், மணி அடிக்கும், நான் ஊற்றுவேன். ஐந்தாம் நாள் கூடைக்குப் பதில் மறுபடியும் கிளிப் இறங்கியது. திரும்பவும் கடுதாசியா என்று பயந்துகொண்டே கை நீட்டினேன். கடுதாசி இல்லை. மொட்டைமாடிச் சாவி. அதைப் படிக்க எனக்குப் பேத்தி தேவைப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கடையையே மேலே தூக்கிவந்துவிட்டார். மாடிப்படிக்கு மேலிருந்த கூரைத் தகரத்தின் ஓரத்தில் பாதியாகப் பிளந்த குழாய், அங்கிருந்து மூன்று நீல டிரம், டிரம்மிலிருந்து டோ மியா வீட்டுக்கு ஒரு கிளை, எங்களுக்கு ஒரு கிளை. மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம், தானாக இறங்கும். டோ மியா படியேறி வந்து, ஒரு கையால் முழங்காலையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு, எங்கே ஆணி அடிக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லா இடத்திலும் அடிக்கக்கூடாது. மாப்பிள்ளை கயிற்றால் கட்டினார்.

நான் மல்லிகாவிடம் போனைக் கேட்டு வாங்கி, கணேசனைக் கூப்பிடச் சொன்னேன். வழக்கில் சாட்சி வேண்டுமே.

அவன் சீருடையோடு தொட்டிப் பக்கத்தில் நின்றிருந்தான். எடுத்த எடுப்பில் பரீட்சை வைத்தான்.

"மொத மழையை வெளிய விட வழி வச்சிருக்கா?"

"வச்சிருக்கு."

"டிரம்முக்கு மூடி?"

"நீ படிச்ச பள்ளிக்கூடத்துலதான நானும் படிச்சேன். சான்றிதழ் வச்சிருக்கேன்டா."

"தலைகீழா வச்சிருந்தியே, அதுவா?" என்று சிரித்தான்.

அப்போது மழை வந்தது. இங்கே சொல்லிவிட்டு வராது. ஆற்றுப்பக்கமிருந்து ஒரு திரை நடந்துவருவது போல வந்து எங்கள் மேல் விழுந்தது. தகரம் அதிர்ந்தது. பிளந்த குழாயில் தண்ணீர் ஓடி முதல் டிரம்மில் விழுந்தது. எல்லோரும் வாசலுக்குள் ஒதுங்கினார்கள். நான் நனைந்தபடியே சேலையைப் போன் மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"தெரியுதாடா? வருதாடா?"

லைன் போய்விட்டது என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. அவன் முகம் பக்கத்தில் வந்திருந்தது. பின்னால் அவன் ஊர் வெயில் வெள்ளையாக எரிந்தது.

"பேசாதம்மா" என்றான். "போனைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடி."

பிடித்தேன். கை வலிக்கும் வரை பிடித்தேன். தண்ணீர் வந்ததா இல்லையா என்பதை அவன் கேட்கவே இல்லை. மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். யாரோ கூப்பிட்டதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு உத்தியோகக் குரலுக்கு மாறினான்.

"பெர்மிட்டுக்கு என்னைக்குப் போறீக?"

"ஆவணில. நீதான் நீட்டிக்க வேணாம்னியே."

"குடை எடுத்துட்டுப் போங்க" என்றான். வைத்துவிட்டான்.

7

நேற்று பெர்மிட்டு அலுவலகத்துக்குப் போய்வந்தோம். இந்தத் தாள்களைப் பற்றியே ஒரு புராணம் சொல்லலாம். ஒரே படத்தை எட்டுப் பிரதி, ஒரே பாரத்தை நாலு பிரதி, நான் இன்னாருடைய தாய்தான் என்பதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதம் உண்மை என்பதற்கு இன்னொரு கடிதம். மழையில் நனையக்கூடாது என்று மாப்பிள்ளை எல்லாவற்றையும் சுருட்டி, ஒரு முழ நீளக் குழாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுத்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். வாசலில் இருந்தவர் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அதிகாரி சின்ன வயதுக்காரர், கன்னத்தில் சிரிப்பு. கையெழுத்து கேட்டார். கட்டைவிரலைக் காட்டினேன். மையில் தோய்த்து அழுத்திப் பார்த்தார், ரேகை விழவில்லை. இன்னொரு தடவை. அப்போதும் வெறும் கறுப்பு. அறுபது வருடம் குடமும் கயிறும் சாம்பலும் தேய்த்த விரல், ரேகையெல்லாம் எப்போதோ எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டது. பாலைவனத்து விமான நிலையத்தில் எந்திரமும் இதையேதான் சொன்னது. கடைசியில் ஏதோ கொஞ்சம் விழுந்தது.

இங்கே தங்க என்ன காரணம் என்று பர்மியத்தில் கேட்டார். பாரத்தில் மல்லிகா, மகளோடு இருக்க என்று எழுதியிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். எனக்கும் கேள்வி புரிந்துவிட்டது. நானே சொன்னேன், எனக்கு வந்த பர்மியத்தில். தண்ணீர் ஊற்றுகிறேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "திஞ்சான் முடிந்துவிட்டதே, பாட்டியம்மா" என்றாராம்.

"ஒனக்கு முடிஞ்சிருச்சுய்யா" என்றேன் தமிழில். மல்லிகா அதை மொழிபெயர்க்கவில்லை. முத்திரை விழுந்தது, ஒரு வருடத்துக்கு.

குடையை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தோம். நனைந்துகொண்டே வந்தோம். குழாய்க்குள் தாள்கள் மட்டும் சுகமாக வந்தன. எங்கள் வாசலுக்கு வந்தபோது ஒரு சைக்கிள் ரிக்ஷாக்காரர் மரத்தட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். கொட்டுகிற மழையில் நின்று மூடியைத் திறந்து, டம்ளரில் முகந்து, அண்ணாந்து குடித்தார். மூடியை மூடினார். அந்தச் சத்தம் மழையிலும் கேட்டது.

ஐந்தாம் மாடியில் மணி அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். டோ மியா வராண்டாவில் நின்றிருந்தாள். நான் தோளிலிருந்த குழாயை எடுத்து அவளுக்குத் தெரியும்படி ஆட்டினேன், காரியம் ஆகிவிட்டது என்று. முத்திரை விழுந்ததா என்று அவள் கையால்கூடக் கேட்கவில்லை. காலையில் அவசரமாகக் கிளம்பியதில் அவளுடைய டம்ளருக்கு ஊற்றாமல் போய்விட்டேன். கயிற்றை அவிழ்த்து, கூடையை இறக்கினாள். மழையில் ஆடி ஆடி வந்து என் மூக்குக்கு நேரே நின்றது. உள்ளே காலி டம்ளர்.

மணி இரண்டாம் தடவை அடித்தது. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே படியேறினேன்.